சர்க்கரை உருகும் சூடு

நவம்பர் 29, சனி

அம்மா தூங்கிவிட்டாள். அப்பா இன்னும் புரண்டுகொண்டிருக்கிறார், கட்டில் சத்தம் கேட்கிறது. இதை இயற்பியல் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாராவது கதவைத் திறந்தால் நோட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் போதும். அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை.

எழுதாமல் படுத்தால் அந்த வாடை வருகிறது.

இன்று சாயங்காலம் அம்மா ஓவனைத் திறந்து கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசையில் முந்திரி நறுக்கிக்கொண்டிருந்தேன். முடி கருகுகிற வாடை வந்தது. அதன் பின்னாலேயே வேறொரு வாடை. திரும்பினால், அம்மாவின் வலது முன்கை மேல் கம்பித் தட்டில் சாய்ந்திருந்தது. அவள் கேக்கின் நடுவில் ஈர்க்குச்சி குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, கை" என்றேன்.

"என்ன கை?"

பிறகு பார்த்தாள். பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.

கேக் இன்றைக்கும் நடுவில் வேகவில்லை. அந்தக் கவலையில் இருந்திருப்பாள். அப்படித்தான் இருக்கும்.

குழாய்த் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி கெட்சி, அப்பாட்ட சொல்லிராத. ஏற்கெனவே இந்தப் பெட்டியக் கண்டாலே அவியளுக்கு ஆவல."

கத்தாரிலிருந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பிய ஒரு குடும்பம் மூன்று வருடத்துக்கு முன்னால் விற்றுவிட்டுப் போன ஓவன் இது. அரை ஆள் உயரம். முன்னால் பச்சை எழுத்தில் சூடு காட்டும். அம்மா இதில்தான் பிறந்தநாள் கேக், கல்யாணக் கேக், டிசம்பரில் பிளம் கேக் எல்லாம் செய்து கொடுக்கிறாள். ஒரு மாதமாக எல்லாம் நடுவில் மாவாக நிற்கிறது. போன வாரம் இரண்டு கேக் திரும்பி வந்தன. அன்றைக்கு லாரி ஆபீஸிலிருந்து வந்த அப்பா செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: "கிறிஸ்மஸ் முடியட்டும், இரும்புக் கடக்காரன வரச் சொல்லுதேன். பிள்ள பரிட்சைக்குப் படிக்காளா, இந்தப் பெட்டிக்கு ஊழியம் பாக்காளா?"

ஓவன் போய்விட்டால் அம்மா என்ன ஆவாள் என்று தெரியவில்லை. தெருவில் யாரும் அவளை ராஜமணி சம்சாரம் என்று சொல்வதில்லை. கேக் சுகிர்தா என்றுதான் சொல்வார்கள்.

நான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

அம்மா அந்தப் பச்சை எண்ணை ஒருநாளும் நம்பியதில்லை. மாவை உள்ளே வைப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து வலது கையை உள்ளே நீட்டுவாள். எதையும் தொடமாட்டாள், வெறும் காற்றில் வைத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டு, "போடலாம்" என்பாள். சில நாள் "பத்தல" என்பாள். அந்தக் கை சொன்னது தவறி ஒரு கேக்கும் கெட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே கைதான். தெர்மாமீட்டரை அதற்குப் பிறகுதான் தேடுவோம்.

இன்றைக்கு எண் 180 காட்டியது. அம்மா கையை நீட்டினாள். வெகு நேரம் வைத்திருந்தாள்.

"பத்தல" என்றாள்.

கேக்கும் அதையேதான் சொல்கிறது. ஆக, எண் பொய். கை சரி.

செல்போனில் தேடிப் படித்தேன். ஓவனுக்குள் மேல் மூலையில் பென்சில் கனத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் சென்சார். சூடு ஏற ஏற அந்தக் கம்பியின் மின்தடை ஏறும். ஓவன் அந்தத் தடையை வைத்துத்தான் சூட்டைக் கணக்குப் போடும். எங்கேயாவது கூடுதலாகத் தடை சேர்ந்துவிட்டால், இன்னும் சூடாகாதபோதே சூடாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

இயற்பியல் மிஸ்ஸிடம் மல்டிமீட்டர் கேட்டேன். எதற்கு என்றார். ப்ராஜெக்ட் என்றேன். பரீட்சை நேரத்தில் என்ன ப்ராஜெக்ட் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஓவனை அம்மாவும் நானும் சுவரிலிருந்து நகர்த்தினோம். பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு எலிப் புழுக்கை, ஒரு சாக்லேட் தாள். சென்சார் ஒயர் வந்து சேருகிற இணைப்பில் மீட்டரை வைத்தேன். நம் ஊர் அறைச் சூட்டில் ஆயிரத்து நூறு ஓம் சொச்சம் காட்ட வேண்டும். ஆயிரத்து இருநூறைத் தாண்டிக் காட்டியது. ஒயரை லேசாகத் தொட்டால் எண் தாவியது. இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. பாத்திரம் கழுவுகிற தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது, ஈரம் ஏறியிருக்கிறது. இணைப்பை விட்டுவிட்டுக் கம்பியில் நேராக மீட்டரை வைத்தேன். ஆயிரத்து நூற்றுப் பத்து. கம்பி நன்றாக இருக்கிறது, நடுவில் இருக்கிற இணைப்புதான் கெட்டது.

மீட்டரை அம்மாவிடம் தூக்கிக் காட்டினேன்.

"கண்டுபிடிச்சிட்டேம்மா."

அம்மா என் தலையில் கை வைத்தாள். தகட்டைப் பிடித்திருந்ததில் அவள் சுண்டுவிரல் ஓரம் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் தலைமுடியில் பட்ட பிறகுதான் இரண்டு பேரும் பார்த்தோம்.

டிசம்பர் 5, வெள்ளி

மெக்கானிக் முத்துக்குட்டி அண்ணன் வந்தார். பின்பக்கத்தைப் பார்க்கும் முன்பே, "போர்டு போச்சுக்கா" என்றார்.

"போர்டு போவல அண்ணே. இந்த இணைப்புதான்" என்று மீட்டரை வைத்துக் காட்டினேன்.

"பாப்பா எல்லாம் பாத்துட்டுன்னா என்னைய எதுக்கு வரச் சொன்னிய? வேடிக்க பாக்கவா?"

"எங்கிட்ட மாத்திப் போடுற ஒயர் முனை இல்ல அண்ணே. சூடு தாங்குற முனையா வேணும்."

"அதுக்குத்தான் ஒரு அண்ணன் வேணுங்கிறது." பழைய முனைகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். மீட்டர் ஆயிரத்து நூற்றுப் பத்தில் நின்றது, ஒயரை ஆட்டினாலும் அசையவில்லை. போகும்போது அம்மாவிடம், "ஒரு கேக்கு எடுத்து வையுங்கக்கா. வெந்ததா இருக்கணும்" என்றார்.

இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

எண் 180. அம்மா கையை நீட்டினாள்.

நான் "ஸ்ஸ்" வருவதற்காகக் காத்திருந்தேன். அது வருவதில்லை என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். எப்போதிலிருந்து வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் இல்லை.

"பத்தல" என்றாள்.

"சரி பண்ணியாச்சேம்மா."

"பத்தலட்டி. நான் என்ன செய்ய?"

போன தடவை எண்ணும் கையும் சண்டை போட்டபோது கைதான் ஜெயித்தது. ஆகவே சென்சாரில் இன்னும் குறை இருக்கிறது. இந்த ஓவனில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால், காட்டுகிற சூட்டைவிட எத்தனை டிகிரி கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று அமைக்கலாம். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இருபது கூட்டினேன்.

"இன்னுங் கொஞ்சம்."

முப்பத்தைந்து. அதற்கு மேல் அது போகாது.

அம்மா கையை உள்ளே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "ம். இருக்கட்டும்" என்றாள்.

கேக் மேலே கரியாகிவிட்டது. உள்ளே பச்சை மாவு.

டிசம்பர் 8, திங்கள்

சர்ச் பெண்கள் சங்கத்திலிருந்து லில்லி புஷ்பம் ஆன்ட்டி வந்தார். கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற கேரல் ரவுண்ட்ஸில் வீடு வீடாகக் கொடுப்பதற்கு வருடாவருடம் அம்மாதான் பிளம் கேக் செய்கிறாள்.

"என்ன சுகிர்தா, தெருமுனைக்கே கருகல் வாட வருது? இந்த வருசம் எங்களுக்குக் கரியா, கேக்கா?"

"ஓவன்ல சென்சார்னு ஒண்ணு மக்கர் பண்ணுதுக்கா. சரியாயிரும்."

"வேற ஆளப் பாக்கணும்னா இப்பமே சொல்லிரு. இருபத்திமூணாந்தேதி கைய விரிச்சிராத." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதென்ன கையில? தேமலா?"

அம்மா சேலை முந்தானையை இழுத்து முன்கையில் போட்டுக்கொண்டாள். "வேர்வைக்கு வருதுல்லாக்கா. மருந்து தடவுதேன்."

ஆன்ட்டி போன பிறகு அம்மா வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அந்தத் தேமலை நானும் பார்த்திருக்கிறேன். முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலம், சுற்றி இருக்கிற தோலைவிட வெளுப்பு. கம்பித் தட்டு சுட்டது அதன் மேல்தான்.

நாளையிலிருந்து பள்ளிக்கு மார்க்கெட் வழியாகப் போகப் போகிறேன். சுகாதார நிலையத்துச் சுவர் ஓரமாகப் போகிற வழியில் ஒரு நாய் இருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

முத்துக்குட்டி அண்ணன் மதுரையிலிருந்து புது சென்சார் வரவழைக்கிறார்.

டிசம்பர் 11, வியாழன்

வேதியியல் பரீட்சை. எழுதினேன்.

டிசம்பர் 12, வெள்ளி

புது சென்சார் போட்டாயிற்று. எல்லாம் அதேதான். அம்மா கை வைக்கிறாள், "பத்தல" என்கிறாள், கேக் கருகுகிறது.

பழைய கம்பியை வீசவில்லை. சாயங்காலம் ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் முக்கி மீட்டரை வைத்தேன். கொதிக்கிற தண்ணீர் நூறு டிகிரி. கம்பி ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து காட்ட வேண்டும். ஆயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு காட்டியது.

பழையது சரி. புதிதும் சரி. அப்படியானால் எது பொய் சொல்கிறது?

அடுப்பிலிருந்து சட்டியை நான் துணி பிடித்து இறக்குவதற்குள் அம்மா வந்து வெறுங்கையால் தூக்கி ஓரமாக வைத்தாள். வலது கையால். "இதுக்குப் போயி துணி தேடுத" என்றாள்.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிவிட்டு ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டில் நான் மட்டும்.

சர்க்கரை நூற்று எண்பத்தாறு டிகிரி வாக்கில்தான் உருகும். அதற்குக் கொஞ்சம் கீழே எவ்வளவு நேரம் இருந்தாலும் சீக்கிரம் உருகாது. சர்க்கரைக்கு ஒயரும் இல்லை, இணைப்பும் இல்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

நான் ஏற்றி வைத்த முப்பத்தைந்தை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தில் வைத்தேன். அலுமினியத் தாளைக் கிண்ணமாக மடித்து ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, ஓவனை 175-இல் வைத்தேன். கால் மணி நேரம். சர்க்கரை வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. புதுக் கிண்ணம், 190. ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஆகி, பிறகு முழுவதும் உருகி ஓடியது.

ஓவன் சரியாக இருக்கிறது. துல்லியமாக இருக்கிறது. முனை மாற்றிய நாளிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது.

குதிக்க வேண்டிய விஷயம். நான் ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் சர்க்கரைக் கிண்ணங்களைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடியும் முப்பத்தைந்தை ஏற்றி வைத்தேன். ஏன் ஏற்றினேன் என்றால், எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று அம்மா கேட்பாள்.

டிசம்பர் 15, திங்கள்

அந்த வழியில் நாய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

சுகாதார நிலையத்துச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருப்பதை இன்று நின்று படித்தேன். தோலில் வெளுத்தோ சிவந்தோ உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் உடனே வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறது. மருந்து இலவசம், முழுவதும் குணமாகும் என்றும் எழுதியிருக்கிறது. மேலே அந்த நோயின் பெயர் பெரிதாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகிறேன்.

பெயரை இங்கே எழுத முடியவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம். இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்தேன். ஒன்றில் வெந்நீர், பொறுக்கிற சூடு. மற்றதில் ஃபிரிட்ஜ் தண்ணீர்.

"யம்மா, கண்ண மூடு. ஒரு வெளையாட்டு."

"பரிட்ச நேரத்துல வெளையாட்டா?" என்றாலும் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

இடது கையில் வைத்தேன். சுடு, ஐஸ், ஐஸ், சுடு. எல்லாம் சரியாகச் சொன்னாள். சிரித்தாள் கூட.

வலது கையைத் திருப்பி அந்த வெளுப்பின் மேல் ஐஸ் டம்ளரை வைத்தேன்.

"சுடு" என்றாள்.

எடுத்துவிட்டு அதே டம்ளரை மறுபடி வைத்தேன்.

"இது ஐஸ்."

மூன்றாவது தடவையும் அதையேதான் வைத்தேன். "சுடு" என்றாள். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை மாற்றி மாற்றிச் சொல்லுவது போல. பிறகு ஒன்றும் கேட்காததால் கண்ணைத் திறந்தாள். என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். மற்ற டம்ளர் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"பெரிய லீவுல சுண்டுவிரல் பக்கம் மரத்த மாதிரி இருந்துச்சு. கைய மடக்கிப் படுத்ததுன்னு நெனச்சேன். பொறவு மேல வந்துச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்லா."

"போயி? அந்த வார்டு வரிசையில நான் நிக்கதப் பாத்தா, அப்புறம் இந்த ஊர்ல யாரு என் கையால தின்பா? ஒன்ன யாரு கட்டுவா?"

"அப்ப எதுக்கு தெனமும் ஓவனுக்குள்ள கைய விடுத? அதான் தெரியலல்லா ஒனக்கு."

அம்மா டம்ளர் இரண்டையும் எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

"இன்னைக்காவது சுடுதான்னு பாக்கத்தான்."

இதை எழுதி முடித்துவிட்டு வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் "பத்தல" என்று சொன்னது ஓவனை இல்லை. நான் அதைக் கேட்டு இருபது கூட்டினேன், முப்பத்தைந்து கூட்டினேன். அந்தச் சூட்டுக்குள்தான் அவள் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

கிறிஸ்மஸ் ஆர்டர் முடிகிற வரைக்கும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வேத புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாள். வைக்காமல் அறைக்குள் வந்துவிட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

எல்லாம் நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அப்பா சீக்கிரம் வந்தார். அம்மா தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். முந்தானை விலகியது. புதுக் கொப்புளம் ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே, நீர் கோத்து நின்றது. பக்கத்தில் பழையது இன்னும் ஆறவில்லை.

"இது என்னது?"

"ஓவன் தட்டு பட்டுட்டு."

"எத்தன எடத்துல பட்டிருக்கு? ஆள எரிக்கதுக்கா வச்சிருக்கோம் அத?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து செல்போனை எடுத்தார். "கிறிஸ்மஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்குக் காலையிலயே தூக்கிட்டுப் போவச் சொல்லுதேன்."

அம்மா தடுப்பாள் என்று பார்த்தேன். மூன்று வருடமாக அந்த ஓவனுக்காக அப்பாவோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். இன்றைக்குத் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்க. போட்டுருவோம். அந்த சென்சாரு சனியந்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள்.

ஓவனைக் கொடுத்துவிட்டுக் கையை மறைக்கப் போகிறாள். அப்பாவின் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் செல்போனில் இரும்புக் கடைக்காரர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓவன்ல ஒரு கொறையும் இல்லப்பா."

"நீ உள்ள போ."

"சென்சார் சரியா இருக்கு. தண்ணியில பாத்துட்டேன், சர்க்கரையில பாத்துட்டேன். ஓவன் சரியா இருக்குப்பா."

"அப்ப இது எப்படி வந்துச்சு?" அம்மாவின் கையைக் காட்டிக் கேட்டார்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் இல்லை. பிறகு அவளாகவே முந்தானையை முழுவதும் எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, கையை அப்பா பக்கம் நீட்டினாள்.

"இதுல எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குங்க. கிள்ளினாலும் தெரியல, சுட்டாலும் தெரியல."

அப்பா செல்போனை மேசையில் வைத்தார். கையைப் பிடித்து விளக்கின் கீழே கொண்டுபோனார். அந்த வெளுப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"தொடாதிய" என்று அம்மா இழுத்தாள்.

அவர் விடவில்லை. "எத்தன நாளா சுகிர்தா?"

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா நின்றபடியே இருந்தார். அவருடைய சட்டைப் பையில் லாரி ஆபீஸ் பேனா மை கசிந்து நீலமாகப் பரவிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து என்னிடம், "போயி தூங்குட்டி" என்றார். அதட்டலாக இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அப்பா லீவு போட்டார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். நல்லவேளை இன்று பரீட்சை இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பேங்க் பையோடு ஒருத்தர், கைக்குழந்தையோடு ஒரு அக்கா. அவர்களும் சுவரைத்தான் பார்த்தார்கள்.

டாக்டர் அம்மாவைவிடச் சின்னவராக இருந்தார். கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். அம்மா சில இடத்தைக் காட்டினாள், பல இடத்தில் காத்துக்கொண்டே இருந்தாள். முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். தோலில் சின்னதாகக் கீறி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"தொழுநோய்தாம்மா" என்றார், சளி பிடித்திருக்கிறது என்று சொல்வது போல. "ஆரம்ப நெலதான். ஆறு மாசம் மாத்திரை. நடுவுல நிறுத்தக் கூடாது. வீட்ல உள்ளவங்களையும் ஒரு தடவ பாத்துருவோம்."

அப்பாவையும் என்னையும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அம்மா கேட்டாள், குரல் எழும்பவே இல்லை: "நான் கேக்கு செஞ்சு விக்கிறவ."

"செய்ங்க. சாப்பாட்டு வழியா இது பரவாது. மருந்து ஆரம்பிச்சிட்டா யாருக்கும் ஒட்டாது. ஆனா அந்தக் கைக்குச் சூடு தெரியாது, அதனால கண்ணாலதான் பாக்கணும். உறை போடாம அடுப்புப் பக்கம் போகக் கூடாது."

"உணர்ச்சி திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். இனிமே கூடாம பாத்துக்கலாம்." பிறகு கேட்டார், "முன்னாடியே ஏன் வரலம்மா?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நர்ஸ் முன்னாலேயே முதல் மாத்திரைகளை விழுங்கினாள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது என்று நர்ஸ் அப்பாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

வெளியே வரும்போது கேட் பக்கத்தில் சர்ச்சுக்கு வருகிற ஒருத்தர் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருப்பார். வீடு வருகிற வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 20, சனி

அம்மா பாத்ரூமிலிருந்து கத்தினாள். சிவப்பு. நான் சொன்ன பிறகும் நம்பாமல் அப்பாவிடம் கேட்டு வரச் சொன்னாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆராதனைக்கு மூன்று பேரும் போனோம். லில்லி புஷ்பம் ஆன்ட்டி அம்மாவிடம் வந்து, "கேக்கு உண்டா, இல்லையா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "உண்டுக்கா" என்றாள். ஆன்ட்டி வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அம்மாவின் முழுக்கை ஜாக்கெட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு எல்லாரும் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

கடைசிப் பரீட்சை முடிந்து வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். முப்பத்தைந்து மின்னியது. ஒவ்வொன்றாகக் குறைத்துப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு ஜோடி உறை. முழங்கை வரைக்கும் வருகிற தடித்த உறை, லாரி ஆபீஸில் சூடான எஞ்சினைத் தொடுகிறவர்கள் போடுவது.

"இது ஆவுமா?" என்று கேட்டார்.

"பெருசா இருக்குப்பா."

"பெருசாவே இருக்கட்டும்."

அவர் போட்டுப் பார்த்தார், ஒரு தட்டை எடுத்தார், இடம் மாற்றி வைத்தார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பழங்களை மாவில் புரட்டிக்கொண்டு, "அங்க இல்ல, நடு அடுக்குல வையுங்க" என்று ஏவிக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு கணம் இருந்தது. பிறகு தெருவில் பைக் சத்தம் கேட்டதும் மூவரும் கதவைப் பார்த்தோம்.

எண் 160-க்கு வந்து மணி அடித்தது. பிளம் கேக்குக்கு அதுதான் சூடு. அம்மா எழுந்து வந்தாள். வலது கையில் அப்பா கொண்டுவந்த உறை. கதவைத் திறந்தாள். பழக்கம் விடவில்லை, உறை போட்ட கையைத் தூக்கினாள், நான் "யம்மா" என்றேன்.

அவள் நின்றாள். அந்தக் கையை இடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு இடது கையை, இதுவரை ஒரு தடவையும் நீட்டாத அந்தக் கையை, மெதுவாக உள்ளே நீட்டினாள்.

"ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுட்டி" என்றாள். விரல்களை உதறிக்கொண்டே மறுபடியும் சொன்னாள். "நல்லா சுடுது. போடலாம்."